வெயில் படாத ஆடு

"முப்பத்தேழு" என்றான் உதவியாளன் பூஸீத்.

தூக்குத் தராசின் கொக்கியில் தொங்கிய கிடாக்குட்டி ஒருமுறை காலை உதைத்துவிட்டு அடங்கியது. டாக்டர் வஸீலா கிட்டே போய் முள்ளைப் பார்த்தாள். முப்பத்தேழுதான்.

"இறக்கிட்டு அடுத்தவனைத் தூக்கு."

அடுத்தவனைத் தூக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. பூஸீத் முழங்காலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒருவழியாகக் கொக்கியில் மாட்டினான்.

"நாப்பத்தஞ்சு. டாக்டரம்மா, இது ஆடு இல்ல, எங்க மாமியார்."

முற்றத்தில் இருந்த மற்ற இருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரி கத்ரா தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரோரம் குந்தியிருந்த ஸ்லிமான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு குட்டிகளும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அறுபது நாட்களுக்கு முன்பு, இதே தராசில், இதே கொக்கியில் வஸீலாதான் அவற்றை எடை போட்டாள். இரண்டும் முப்பத்தொன்று. பக்கத்தில் கத்ராவின் தம்பி லயீத் நின்று, "ரெட்டைன்னா இப்படி இருக்கணும்" என்று பெருமையாகச் சொன்னான். மறுநாள் விடியற்காலை அக்கம்பக்கத்தார் நம்பி விட்டிருந்த பன்னிரண்டு ஆடுகளையும் இரட்டையில் ஒன்றையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனவன் திரும்பவே இல்லை. ஆடுகளும் திரும்பவில்லை. ஆட்டுக்காரர்கள் அவனைத் திருடன் என்றார்கள். வேறு சிலர், ஆட்டுக்காக எவனோ அவனை முடித்துவிட்டான் என்றார்கள். காவலர்கள் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

இன்று காலை ஆறு மணிக்கு ஸ்லிமானின் கொட்டகையில் அம்மைத் தடுப்பூசி போடப் போன இடத்தில் வஸீலா ஒரு கொழுத்த கிடாவைப் புரட்டினாள். அதன் தொப்புளருகே மூன்று தையல் தழும்புகள். மூன்றாவது கோணல். குட்டியாக இருந்தபோது குடல் பிதுங்கியதற்கு அவள் போட்ட தையல் அது. அந்த நேரம் பார்த்து பூஸீத் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்ததால் ஊசி வழுக்கியது. தன் தையலை அவளுக்குத் தெரியாதா? ஸ்லிமானையும் கிடாவையும் வேனில் ஏற்றி நேராக இங்கே வந்துவிட்டாள். அரசாங்கக் கால்நடை மருத்துவர்தான். ஆனால் காணாமல்போன மந்தைகளை மூன்று முறை கண்டுபிடித்துக் கொடுத்ததால் ஊரில் அவளுக்கு 'ஆட்டுப் போலீஸ்' என்று பெயர்.

"நான் என்ன கேட்டேன் உங்கிட்ட?" என்றாள் கத்ரா, வஸீலாவிடம். "ஆடு வேணாம். எவன் திருடன்னும் வேணாம். தம்பி உயிரா, பொணமா, அது மட்டும் சொல்லு. உயிர்னா காத்திருப்பேன். பொணம்னா அழுவேன். ரெண்டும் இல்லாம என்னால இருக்க முடியல."

பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு பள்ளிக்கூடத்துக்குச் சாக்கட்டி வாங்கப் போன வஸீலாவின் கணவனும் திரும்பவில்லை. அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் அவள் 'விதவை' என்ற கட்டத்தில் கோடு போட்டதில்லை. 'மணமானவர்' என்ற கட்டத்திலும் போட்டதில்லை. வெறுமையாக விட்டுத்தான் கொடுப்பாள். அலுவலகத்தில் அதைத் திருப்பித் தந்தால் மறுபடியும் வெறுமையாகவே கொடுப்பாள்.

அவள் ஸ்லிமான் பக்கம் திரும்பினாள். "எப்ப வந்துச்சு இது உங்கிட்ட?"

"ரெண்டு மாசம் இருக்கும். சந்தையில வாங்கினேன். ஆளு யாருன்னு தெரியாது."

"எங்க வளர்ந்துச்சு?"

"என் தகரக் கொட்டகையிலதான். வேற எங்க?"

"என்ன போட்ட?"

"பார்லி, வைக்கோல். எல்லாரும் போடறதுதான்."

"கத்ரா அக்கா, நீங்க உங்க குட்டிக்கு?"

"அவன் சொல்லிட்டுப் போனபடிதான். காலையில பார்லி, சாயங்காலம் பார்லி, ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சங்கொட்டைய மூணு நாள் ஊறவெச்சு இடிச்சு ஒரு கைப்பிடி. ஒரு நாள் தவறல. ஆனா ஜூலை பொறந்ததுல இருந்து அது எங்க திங்குது? சுவத்து நிழல்ல நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்குது. தண்ணிதான் குடிக்குது."

"திங்காது. வெயில்ல ஆடு தின்னா உள்ள இன்னும் சூடு ஏறும். அதுக்குப் பயந்து வாயை மூடிக்கும். திங்கற கொஞ்சத்தையும் மூச்சு வாங்கியே செலவழிச்சிடும்."

"எனக்கு அப்படி இல்லையே டாக்டரம்மா. எந்த வெயில்லயும் நான் ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் பூஸீத், வயிற்றைத் தடவிக்கொண்டு.

"நீ ஆடா இருந்தா உன்னை வெச்சே நாலு ஆராய்ச்சி எழுதியிருப்பேன். போய் அந்தப் பெரியவனோட புழுக்கை நாலு பொறுக்கிட்டு வா."

"மரியாதையான உத்தியோகம்னு சொல்லித்தான் எங்கப்பா என்னை இதுல சேர்த்துவிட்டாரு."

வஸீலா ஸ்லிமானிடம் மெதுவாகத்தான் பேசினாள். "இந்தக் கல்முற்றத்துல வளர்ந்தது ஆறு கிலோ ஏறியிருக்கு. உன் கொட்டகை அடுப்பு மாதிரி. காலையில ஆறு மணிக்கே உள்ள நிக்க முடியல. அங்க நின்னு பதினாலு கிலோ ஏறுச்சுன்னா, அந்தத் தகரத்தைப் பிரிச்சு நான் மாநிலம் பூரா கொட்டகை போடறேன்."

ஸ்லிமான் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தான். பூஸீத் கொண்டுவந்த புழுக்கைகளை வஸீலா உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். வைக்கோல் தூள். அதனூடே பழுப்பாக, மணல்போல் நறநறவென்று ஏதோ.

"உன் வீட்டுல பேரீச்சங்கொட்டை இருக்கா?"

"இல்ல."

"ஆட்டு வயித்துல இருக்கு. திங்கறது வெளிய வர ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். அப்படின்னா இது உங்கிட்ட வந்து மூணு நாள்கூட ஆகல. மீதி நாளெல்லாம் வேற எங்கயோ, வேற யாரோ கையால தின்னுருக்கு."

கத்ரா ஓரடி முன்னால் வந்தாள்.

வஸீலா கிடாவின் குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். விளிம்பு தேயாமல் வளர்ந்து சுருண்டிருந்தது. அறுபது நாட்களாகக் கல்லை மிதிக்காத கால். பிறகு முதுகு மயிரை இரண்டாக வகிர்ந்தாள். அடியில் பால்வெள்ளை. மேல்நுனி மட்டும், முதுகெலும்பு நெடுக, கறுப்பு. தேய்த்த விரலில் கரி ஒட்டியது.

"குளிர்ச்சியான இடம்" என்றாள். "தரை மெத்துன்னு இருக்கு. கூரை ஆட்டு முதுகு தட்டுற அளவுக்குத் தாழ்வு. கூரையில கரி."

அது குகை என்பது எல்லோருக்கும் புரிந்தது. இந்தப் பக்கத்தில் குகைகள் எத்தனையோ உண்டு. கூரையில் கரி படிந்தது ஒன்றே ஒன்றுதான்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரியில், அயின் ஷிஹ் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குகையில் லயீத்தின் மனைவி யமீனாவும் மகள் ஹத்தாவும் மகன் நாஸரும் ஒளிந்திருந்தார்கள். மலையில் பதுங்கியிருந்த ஆயுதக் கும்பல் இறங்கி வந்த காலம் அது; அவர்கள் வாயிலில் தீ மூட்டிப் புகையவைத்துக் கொன்றுவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தது அதுதான். மூவரையும் லயீத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தான். அதோடு அயின் ஷிஹ் காலியானது. மேய்ப்பவர்கள் அந்தக் குன்றைக் கண்டால் மந்தையைத் திருப்பிவிடுவார்கள்.

"டாக்டரம்மா, வேற ஏதாவது குளிர்ச்சியான இடம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றான் பூஸீத். "என் அத்தை வீட்டு நிலவறை ரொம்ப நல்லா இருக்கும்."

ஸ்லிமான் எழுந்து நின்றான். "அங்க போகாதீங்க. என்னைக் காவலர்கிட்ட ஒப்படைச்சிடுங்க. நான்தான் செஞ்சேன்னு எழுதிக்கங்க."

"என்ன செஞ்ச?" என்று கேட்டாள் கத்ரா.

அவன் மறுபடியும் சுவரோரம் குந்திக்கொண்டான்.

"ஆள் போகாத இடமாப் பார்த்து மந்தையை ஒளிச்சுவெச்சிருக்கான்" என்று பூஸீத் வஸீலாவின் காதருகே சொன்னான். "ஆளையும் அங்கயே..."

"வண்டியை எடு" என்றாள் வஸீலா.

கத்ரா யாரையும் கேட்கவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

உச்சிவேளைக்கு அயின் ஷிஹ் வந்து சேர்ந்தார்கள். தெற்கிலிருந்து ஷெஹிலி காற்று அடித்தது. ரொட்டி அடுப்பைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அந்தச் சூடு. வீடுகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. கதவுகள் மட்டும் இல்லை. போனவர்கள் கதவுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கதவில்லாத வாசல்கள் வழியே அடுத்த வீட்டின் கதவில்லாத வாசல் தெரிந்தது. அதன் வழியே குன்று தெரிந்தது.

வஸீலா கத்ராவை வேனிலேயே இருக்கச் சொன்னாள். "முதல்ல நான் பார்த்துட்டு வரேன் அக்கா. எதுவா இருந்தாலும் நானே வந்து சொல்றேன்."

"மறைக்க மாட்டியே?"

"மாட்டேன்."

ஸ்லிமானும் வேனில் இருந்தான். சாவியைப் பூஸீத் பைக்குள் போட்டுக்கொண்டான். இருவரும் குன்றில் ஏறினார்கள். குகை வாயில் இடுப்பளவுதான். நெருங்கும்போதே உள்ளிருந்து குளிர்ந்த மூச்சு ஒன்று வந்து கணுக்காலைத் தொட்டது. பூஸீத் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"உள்ள பேய் இருந்தா அதுவும் பத்துக் கிலோ ஏறியிருக்கும்" என்றான்.

வஸீலா டார்ச்சைப் போட்டுக்கொண்டு குனிந்து நுழைந்தாள். உள்ளே ஆட்டு வாடை. பழைய எரு கால்களுக்கடியில் மெத்தை மாதிரி அமுங்கியது. இருட்டில் பச்சைக் கண்கள் இரண்டிரண்டாகத் திரும்பின. எண்ணினாள். பன்னிரண்டு. எல்லாம் கொழுத்து, அசைபோட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் படுத்திருந்தன. இரண்டு மாதங்களாக வெளியே இருக்கும் உலகத்தில் ஒரு ஆடுகூட அப்படிப் படுத்திருக்கவில்லை.

"திருட்டு மந்தைன்னா இப்படி ஒரு கவனிப்பா?" என்று முணுமுணுத்தான் பூஸீத்.

டார்ச் வெளிச்சம் சுவரோரம் போனது. அங்கே மூன்று மண்சட்டிகள். மூன்றிலும் பேரீச்சங்கொட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. முதல் சட்டியில் தண்ணீர் காப்பி நிறம். இரண்டாவதில் தேநீர் நிறம். மூன்றாவதில் வஸீலா விரலை விட்டாள். கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர்.

"பூஸீத், ஸ்லிமான் காலையில இருந்து எங்க இருந்தான்?"

"ஆறு மணியில இருந்து நம்ம கூடத்தான்."

"இந்தத் தண்ணி இன்னும் நிறம் மாறல. ஊத்தி ரெண்டு மணி நேரம்கூட இருக்காது."

பூஸீத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவன் வாயிலை நோக்கி ஓரடி பின்வாங்கினான்.

"அதைத் தட்டிவிட்டுடாதீங்க டாக்டரம்மா" என்றது இருட்டு. "நாளன்னிக்கு அது வேணும்."

வஸீலா வெளிச்சத்தைத் திருப்பவில்லை. குரலை அவளுக்குத் தெரியும். ரெட்டைன்னா இப்படி இருக்கணும் என்று சொன்ன குரல்.

"லயீத்."

"கண்ணுல அடிக்காதீங்க. பழக்கம் விட்டுப்போச்சு."

அவன் கடைசியில், கூரை சரிந்து தரையைத் தொடும் இடத்தில், ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். "ஸ்லிமானைத் திட்டாதீங்க. ராத்திரியில பார்லி கொண்டாந்து குடுத்தவன் அவன்தான். அதுக்கு விலையா முந்தாநாள் அந்தக் குட்டியைக் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"எதுக்கு இங்க வந்த?"

"நான் எங்க வந்தேன்? தையல் போட்ட குட்டிதான் வந்துச்சு. அன்னைக்குக் காத்து இப்படித்தான் அடிச்சுது. வெக்கை தாங்காம ஓடி இதுக்குள்ள பூந்துடுச்சு. பதினொரு வருஷமா இந்தக் குன்றுக்கு முதுகைக் காட்டித்தான் நடந்தேன். குட்டியைப் பிடிக்க உள்ள வந்தேன். சில்லுன்னு இருந்துச்சு. மத்ததுங்களும் ஒண்ணொண்ணா வந்து படுத்துதுங்க. திங்க ஆரம்பிச்சுதுங்க. கொஞ்ச நேரம் உக்காரலாம்னுதான் உக்காந்தேன்."

வஸீலா டார்ச்சைக் கூரைக்குத் தூக்கினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். குகை வாயிலில் கல் சுத்தமாக, மஞ்சளாக இருந்தது. உள்ளே வரவர மங்கியது. கரி கெட்டியாகப் படிந்திருந்தது லயீத்தின் தலைக்கு நேர் மேலே, கடைசி மூலையில். வாயிலில் தீ மூட்டியிருந்தால் கறுத்திருக்க வேண்டியது வாயில்.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும்" என்றான். "அன்னைக்கு மலைக்காரங்க இந்தப் பக்கமே வரல டாக்டரம்மா. தெற்கால போயிட்டாங்க. வெளிய பனி. எங்கிட்ட அப்ப முப்பது ஆடு. ஆடுங்களும் இவங்களோட இங்கதான் இருந்துச்சு. அடுப்பே வேணாம், அந்த மூச்சே போதும். ஆனா ஆடு கத்துமே. கத்தினா இடம் தெரிஞ்சிடுமே. அதனால நான் ஆடுங்களை எல்லாம் வெளிய ஓட்டிட்டேன். ஓட்டின உடனே குகை ஜில்லிட்டுப்போச்சு. பிள்ளைங்க பல்லு தந்தி அடிக்குது. ஒரு கணப்புச் சட்டியில கரியும் ரெண்டு துண்டு விறகும் போட்டுக் குடுத்தேன். வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு வாசலை அல்ஃபா புல்லுக் கட்டால அடைச்சேன். நல்லா, காத்துக்கூட போகாதபடி அடைச்சேன்."

ஓர் ஆடு எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"விடியக்காலம் வந்து பிரிச்சேன். உள்ள கரிப்புகை மண்டிக் கெடந்துச்சு. தூங்கறாங்கன்னுதான் நெனச்சேன். முகமெல்லாம் சிவப்பா, நல்லா இருந்துச்சு. ஊர்க்காரங்க வந்து 'அவனுங்க பண்ணின வேலை'ன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

பூஸீத் தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப பாருங்க, பன்னெண்டு ஆடு" என்றான் லயீத். "எப்படி இருக்கு பாருங்க, வெக்கையும் இல்ல, குளிரும் இல்ல. அன்னைக்கும் இப்படியே விட்டிருந்தா..." நிறுத்தினான். "ஆடுங்களை உரியவங்ககிட்ட குடுத்துடுங்க. எல்லாம் நல்லா ஏறியிருக்கு. அக்காகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க. அழுதுட்டு நிம்மதியா இருப்பா."

"அந்த ஒரு வார்த்தைக்காக நான் பதின்மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் வஸீலா. "யாராவது வந்து என் புருஷன் செத்துட்டான்னு சொல்ல மாட்டாங்களான்னு. அதை இன்னொருத்திக்கு என் வாயால பொய்யாச் சொல்ல மாட்டேன்."

அவள் வெளியே வந்தாள். வெயில் முதுகில் அடித்தது. கத்ரா வேனை விட்டு இறங்கிப் பாதி தூரம் ஏறியிருந்தாள். வஸீலாவின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"உயிரோட இருக்கான்" என்றாள் வஸீலா.

கத்ரா அழவில்லை. குகை வாயில்வரை ஏறிவந்து, நிழல் ஒரு விரற்கடைகூட இல்லாத இடத்தில், கொதிக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"லயீத்து."

வாயில் கல்லைக் கையால் தட்டினாள்.

"எழுந்து வாடா."

உள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, வெயில்ல உக்காராத. வண்டியில போய் உக்காரு."

"நீ வந்தா போறேன்."

"இவங்க மூணு பேரையும் தனியா விட்டுட்டு வர முடியாதுக்கா. உனக்குத் தெரியாது. நான் பண்ணினது என்னன்னு உனக்குத் தெரியாது."

கத்ரா முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"அந்தக் கணப்புச் சட்டி யாரோடதுடா?" என்றாள்.

பூஸீத் வஸீலாவைப் பார்த்தான். தான் சொல்லவில்லை என்று வஸீலா தலையை ஆட்டினாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, பிள்ளைங்களுக்குக் குளிருதுக்கான்னு கேட்டது யாரு? நீ கேட்ட. எடுத்துக் குடுத்தது நான். கரியை மடியில கட்டிக் குடுத்தது நான். மறுநாள் சட்டி திரும்பி வரல, நான் கேக்கல. ஊரு பதினொரு வருஷமா மலைக்காரங்களைத் திட்டுது. நானும் கூட நின்னு திட்டறேன். நீ ஒளிஞ்சுக்க ஒரு குகை வெச்சிருக்க. குடுத்தவ எங்கடா போய் ஒளியறது?"

காற்று மட்டும் அடித்தது. கதவில்லாத வீடுகளுக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியேறியது. கத்ராவின் உதடு வெடித்து ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. வஸீலா அவளைத் தூக்கிவிட நகர்ந்தபோது கத்ரா கையைக் காட்டித் தடுத்தாள்.

அப்போது உள்ளே லயீத் பேசுவது கேட்டது. அவர்களிடம் இல்லை. தாழ்ந்த குரலில், யாரிடமோ, வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வதைப் போல. இரண்டு முறை நிறுத்தினான். இரண்டு முறையும் பதிலுக்குக் காத்திருப்பவன்போல இருந்தது.

முதலில் ஓர் ஆடு வெளியே தலையை நீட்டி, வெயிலைக் கண்டு பின்வாங்கியது. அதன் பின்னால் கைகள் வந்தன. பிறகு அவன் வந்தான், தவழ்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு. நிமிர்ந்து நிற்கச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணைத் திறக்காமலே அக்காவின் மூச்சுச் சத்தம் வந்த பக்கம் நடந்து, அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றான்.

கத்ரா கீழிருந்து அவனைப் பார்த்தாள். சட்டை கொடியில் காய்வதுபோல அவன் மேல் தொங்கியது. மணிக்கட்டில் எலும்பைத் தவிர எதுவும் இல்லை. அவள் கையை நீட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். எடை பார்ப்பவளைப்போல ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"ஆடெல்லாம் தேறியிருக்கு" என்றாள். "நீ ஏண்டா இப்படிக் கெடக்க?"